ஹெடர் அடுக்குறதெல்லாம் ஒரு வேலையா?

போன ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் என் மேலாளர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "மூணு வாரம் எடுத்திருக்கீங்க. புது ஃபீச்சர் இல்ல. ஒரு பக் கூட க்ளோஸ் ஆகல. ‘ஹெடர் ஃபைல்களை ஒழுங்குபடுத்தினேன்’னு எழுதியிருக்கீங்க. ஹெடர் அடுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமாம், வேலைதான். கெர்னல் மாதிரியான ஒரு நிரல்தொகுதியில் அதைவிட முக்கியமான வேலைகள் ரொம்பக் குறைவு. அதைச் செய்யாமல் விடுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியாது. புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது. நிரல் எழுதாதவர்கள் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட வேண்டாம். ஒரு நாவலில் எந்தப் பாத்திரம் எந்த அத்தியாயத்தில் அறிமுகமாகிறது என்று கவனித்துப் படிக்கிறவருக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரியும்.

நான் லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதிப் பிழைப்பவன். கெர்னல் என்பது கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் நிரல். எந்த ஆப் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு மெமரி, கேமராவிலிருந்து வரும் பைட் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி சி மொழி. அதில் பொதுவான ஹெடர் கோப்புகள் மட்டுமே பத்தாயிரத்தை ஒட்டி இருக்கின்றன.

சரி, ஹெடர் என்றால் என்ன? சி மொழியின் கம்பைலர் ஒரு விசித்திரமான வாசகர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோப்பைத்தான் படிப்பார். மேலிருந்து கீழாக, ஒரே முறை. பக்கத்துக் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள் என்றால், அப்படி ஒன்று இருக்கிறது, அது இன்னின்ன வாங்கிக்கொண்டு இன்னது கொடுக்கும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறிமுகங்களை எல்லோரும் எல்லாக் கோப்பிலும் திரும்பத் திரும்ப எழுத முடியாது என்பதால் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதுதான் ஹெடர். ‘தலைப்புக் கோப்பு’ என்று மொழிபெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் நாங்கள் ஹெடர் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஹெடரை உள்ளே கொண்டுவர ‘இன்க்ளூட்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி செய்வதில் எந்தப் புத்திசாலித்தனமும் கிடையாது. அந்த இடத்தில் அந்தக் கோப்பை அப்படியே வெட்டி ஒட்டுகிறது, அவ்வளவுதான். 1972-73 வாக்கில் ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதாலும், பிசிபிஎல், பிஎல்/ஐ மொழிகளில் இப்படி ஒரு வசதி இருந்ததைப் பார்த்தும் சி மொழியில் இதைச் சேர்த்ததாக டென்னிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். அன்றைக்கு யூனிக்ஸ் கெர்னலே கைக்கு அடக்கமான சமாச்சாரம். வெட்டி ஒட்டினால் போதுமானதாக இருந்தது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது? ஒட்டப்படும் ஹெடருக்குள்ளேயே இன்னும் நாலு இன்க்ளூட் வரிகள் இருக்கலாம். அந்த நாலுக்குள் இன்னும் பத்து. கல்யாணத்துக்கு ஒருத்தருக்குப் பத்திரிகை வைத்தால் அவர் மச்சான், மச்சானின் சம்பந்தி, சம்பந்தி வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் என்று வேன் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார்களே, அந்தக் கதைதான். கெர்னலில் ‘வணக்கம்’ என்று ஒரு வரி அச்சடிக்கும் மிகச் சின்ன மாட்யூல் எழுதினால் உங்கள் பங்கு பத்து வரிதான். இன்க்ளூட்களை எல்லாம் விரித்து முடித்த பிறகு கம்பைலர் கையில் இருப்பது பத்தாயிரக்கணக்கான வரிகள். உங்கள் பத்து வரி அந்தக் கூட்டத்தின் கடைசியில் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும், சொந்தக் கல்யாணத்தில் தொலைந்துபோன மாப்பிள்ளை மாதிரி.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1984இல் யூனிக்ஸின் ‘பிஎஸ்’ என்ற சாதாரணக் கட்டளையைக் கம்பைல் செய்தபோது ஒரே ஒரு ஹெடர், ‘ஸ்டாட்.ஹெச்’, 37 முறை உள்ளே வந்ததாக ராப் பைக் பதிவு செய்திருக்கிறார். ஒரு தடவை படித்ததை இரண்டாம் தடவை தாண்டிப் போக காவல்வரிகள் இருக்கும். ஆனால் அன்றைய பெரும்பாலான கம்பைலர்கள் தாண்டுவதற்காகவாவது ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்தாக வேண்டியிருந்தது. 1989இல் சி நிரல் பற்றி எழுதிய குறிப்புகளில் அவர் ஒரு கடுமையான விதியைச் சொன்னார்: ஹெடருக்குள் ஹெடர் கூடாது. யாருக்கு என்ன வேண்டுமோ அவர்களே தங்கள் கோப்பின் தலையில் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த விதிப்படி நடக்கும் ஒரு கெர்னலைப் பார்க்க ஆசைப்பட்டால் எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6-ஐத் திறந்து பாருங்கள். அதில் ‘டெஃப்ஸ்.ஹெச்’ என்று ஒரே கோப்பு. எந்தெந்த சி கோப்பில் என்னென்ன ஃபங்ஷன் இருக்கிறது என்று கோப்பின் பெயரைப் போட்டு, கீழே வரிசையாக எழுதியிருப்பார்கள். கோவில் திருவிழாவில் ஒட்டியிருக்கும் நன்கொடையாளர் பட்டியல் போலத் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு சி கோப்பின் உச்சியிலும் தனக்கு வேண்டிய ஆறேழு ஹெடர்கள். வரிசை முக்கியம்; ‘டைப்ஸ்.ஹெச்’ முதலில் வராவிட்டால் அடுத்தது புரியாது. நான் முதன்முதலில் கெர்னல் என்ற ஒன்றைப் பயமில்லாமல் படித்தது அதில்தான். ஆனால் அது சில ஆயிரம் வரி. மூன்று கோடி வரியில் பைக்கின் விதியை அப்படியே வைத்தால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நாற்பது ஹெடரைச் சரியான வரிசையில் மனப்பாடமாக எழுத வேண்டியிருக்கும். நடக்காது. அதனால் லினக்ஸ் வேறு வழியில் போனது. ஒவ்வொரு ஹெடரும் தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளட்டும் என்றது. அந்த முடிவில் எனக்குச் சண்டை இல்லை. அதற்குப் பிறகு நாம் நடந்துகொண்ட விதத்தோடுதான் சண்டை.

எங்கள் குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண். கல்லூரி முடித்து நேராக வந்தவர், நல்ல கூர்மை. ஒரு கேமரா போர்டுக்கான டிரைவரைப் பழைய கெர்னல் வெர்ஷனிலிருந்து புதியதற்குக் கொண்டுபோகும் வேலையை அவருக்குக் கொடுத்தோம். பில்ட் போட்டார். அறுநூறு வரிக்குப் பிழை கக்கியது. அவர் தொடாத கோப்பில், யாருமே ஒரு வருடமாகத் தொடாத கோப்பில், ‘கேஇசட்அலாக்’ என்றால் யார் என்று கம்பைலர் கேட்டது. கேஇசட்அலாக் என்பது கெர்னலில் மெமரி வாங்கும் ஃபங்ஷன். சோறு, தண்ணி மாதிரி. அதையே தெரியாது என்கிறதே என்று அவர் குழம்பிப்போனார். கம்பைலரை மாற்றினார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினார். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் என்னிடம் வந்து, "எனக்கு இது செட் ஆகாது போல அண்ணா. டெஸ்டிங் டீம்ல கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். எங்கள் ஹெடர் ஒன்றின் தலையில் ‘ஸ்லாப்.ஹெச்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பத்து வினாடி. அறுநூறு பிழையும் காணாமல் போனது. நடந்தது இதுதான்: எங்கள் கோப்பு கேஇசட்அலாக்கைப் பயன்படுத்தியது, ஆனால் அதை அறிமுகப்படுத்தும் ஸ்லாப்.ஹெச்சைக் கேட்டு வாங்கவே இல்லை. வேறு ஏதோ ஒரு ஹெடர் அதை இழுத்து வந்ததால் ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்தது. புதிய வெர்ஷனில் அந்த வேறு ஹெடர் தன் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டது. எங்கள் வண்டி நின்றுவிட்டது.

"இதெல்லாம் எங்க அண்ணா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எங்கயும் எழுதல. அனுபவத்துல வந்துரும்" என்றேன்.

பொய். எழுதியிருக்கிறது. கெர்னலின் ஆவணங்களில், பேட்ச் அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முதல் விஷயமே இதுதான்: ஒரு வசதியைப் பயன்படுத்தினால் அதை அறிவிக்கும் ஹெடரை நேராக இன்க்ளூட் செய், வேறு ஹெடர் கொண்டுவந்து தரும் என்று நம்பாதே. எனக்கு அது தெரியும். பின்பற்றாததால் வாயில் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் பின்பற்றவில்லை. ‘அனுபவத்தில் வரும்’ என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை முழுக்க. நாம் எழுதாமல் விட்டதை இன்னொருத்தர் தன் தூக்கத்தைக் கெடுத்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அனுபவம். இரண்டு நாளில் அந்தப் பெண் கற்றுக்கொண்டது கெர்னலைப் பற்றி ஒன்றும் இல்லை. தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

இதே ஸ்லாப்.ஹெச் 2010இல் கெர்னல் முழுவதையும் ஆட்டிவைத்தது. அப்போது ‘பெர்சிபியு.ஹெச்’ என்ற ஹெடர் ஸ்லாப்.ஹெச்சை உள்ளே வைத்திருந்தது. பெர்சிபியுவை ‘ஸ்கெட்.ஹெச்’சும் ‘மாட்யூல்.ஹெச்’சும் வைத்திருந்தன. அந்த இரண்டும் இல்லாத கோப்பு அபூர்வம். ஆக, மெமரி வாங்கும் வசதி எல்லோர் வீட்டுக் குழாயிலும் தானாக வந்துகொண்டிருந்தது, எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தேஜுன் ஹியோ அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருந்தது. துண்டித்தால் ஆயிரக்கணக்கான கோப்புகள் உடையும். அவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, எந்தக் கோப்பு உண்மையிலேயே ஸ்லாபைப் பயன்படுத்துகிறது என்று தேடி, அதனதன் தலையில் அந்த வரியைச் சேர்த்தார். பிறகு பல கணினிக் கட்டமைப்புகளுக்கு பில்ட் போட்டுச் சரிபார்த்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஸ்கிரிப்ட், கோப்பில் ஏற்கெனவே உள்ள இன்க்ளூட் வரிகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று பார்த்து அதற்கேற்ப நுழைக்கும். அகரவரிசையா, நீளம் கூடிக்கொண்டே போகும் கிறிஸ்துமஸ் மரமா, தலைகீழ் மரமா, அல்லது ஒரு ஒழுங்கும் இல்லையா என்று. யார் வீட்டுக்குள் போனாலும் அந்த வீட்டு வழக்கப்படி செருப்பைக் கழற்றி வைக்கும் ஸ்கிரிப்ட்.

இதெல்லாம் ‘அடுக்குதல்’ இல்லை என்று ஒருவர் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேச எனக்குத் தெம்பு இல்லை.

ஹெடர் ஏன் இப்படிக் கொழுக்கிறது என்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கெர்னலில் வேகம் முக்கியம். சின்னச் சின்ன ஃபங்ஷன்களைத் தனியாகக் கூப்பிடாமல் கூப்பிடும் இடத்திலேயே பதித்துவிட்டால் நேரம் மிச்சம். அப்படிப் பதிக்க அதன் முழு உடலும் ஹெடரில் இருந்தாக வேண்டும். உடல் வந்தால் அந்த உடலுக்குள் தொடும் எல்லாவற்றின் அறிமுகமும் வந்தாக வேண்டும். ஸ்கெட்.ஹெச்சில் ‘டாஸ்க் ஸ்ட்ரக்ட்’ என்று ஒன்று இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையின் ஜாதகம். அதன் மெமரி, அதன் சிக்னல்கள், அதன் கோப்புகள், அது காத்திருக்கும் பூட்டுகள் என்று கெர்னலின் எல்லாத் துறையும் அதில் ஒரு கட்டம் கேட்கிறது. எல்லோருக்கும் அது வேண்டும், அதற்கு எல்லோரும் வேண்டும். ஒரு கட்டத்தில் அ வருவதற்கு ஆ வேண்டும், ஆ வருவதற்கு இ வேண்டும், இ வருவதற்கு அ வேண்டும் என்று சுற்றிக்கொள்கிறது. மேலிருந்து கீழாக ஒரே முறை படிக்கும் நம் கம்பைலர் இதில் சிக்கினால் அதோகதி.

வழி இருக்கிறது. பல சமயம் ஒன்றின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். ‘டாஸ்க் ஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு, அதன் முகவரியை மட்டும் வாங்கி இன்னொருத்தரிடம் கொடுக்கும் கோப்புக்கு, அந்த வீட்டில் எத்தனை அறை என்பது தேவையில்லை. எக்ஸ்வி6இன் டெஃப்ஸ்.ஹெச் இப்படிப்பட்ட ஒற்றை வரிகளோடுதான் தொடங்குகிறது. இன்னொரு வழி, வடிவத்தைச் சொல்லும் ஹெடரையும் வேலையைச் செய்யும் ஹெடரையும் பிரித்துவிடுவது. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து ‘உனக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?’ என்று கேட்க வேண்டும்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஹோவெல்ஸ் 2012இல் ‘சிஸ்டம்.ஹெச்’ என்ற குப்பைக் கிடங்கைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் அந்தக் கோப்பையே இல்லாமல் செய்தார். அதே ஆண்டு, வெளியே இருக்கும் நிரல்களுக்குக் கெர்னல் கொடுக்கும் வாக்குறுதிகளைத் தனியாகவும், கெர்னலின் சொந்த உள்விவகாரங்களைத் தனியாகவும் பிரிக்கும் வேலையையும் அவரே செய்தார். ‘யுஏபிஐ’ என்ற தனி அடைவு அப்படி வந்ததுதான். இந்த இரண்டாவது வேலையின் அருமை ஹெடர் படித்தவருக்குத்தான் புரியும். உள்விவகாரத்தை நாளைக்கே மாற்றலாம், வாக்குறுதியை மாற்ற முடியாது. இரண்டும் ஒரே காகிதத்தில் கலந்து கிடந்தால் எது எது என்று புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது? 2017இல் இங்கோ மோல்னார் ஸ்கெட்.ஹெச்சைப் பல துண்டுகளாக உடைத்தார். ‘கெர்னல்.ஹெச்’ என்று ஒரு பழைய கோப்பு இருக்கிறது. அதன் தலையில் இப்போது ஓர் அறிவிப்பே ஒட்டியிருக்கிறார்கள்: சம்பந்தமில்லாத பலதும் இதில் சேர்ந்துவிட்டன, பிரித்துக்கொண்டிருக்கிறோம், தயவுசெய்து இதை இன்னொரு ஹெடருக்குள் இழுக்காதீர்கள். ஒரு கோப்பு தன்னைப் பற்றியே இப்படி ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2022 ஜனவரி 2ஆம் தேதி அதே இங்கோ மோல்னார் ஒரு மலையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார். 2,297 பேட்சுகள். 25,000 கோப்புகளுக்கு மேல் தொட்டிருந்தார். 2020 கடைசியில் ஆரம்பித்தபோது ஐம்பது, நூறு பேட்ச் ஆகும், இருபது சதவீதம் வேகம் கூடும் என்று நினைத்தாராம். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, இரண்டு முறை செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாம் முறையாகத் தொடங்கியிருந்தார். பலன், அவர் இயந்திரத்தில் 231 வினாடி எடுத்த முழு பில்ட் 130 வினாடிக்கு இறங்கியது. கம்பைலரில் கை வைக்கவில்லை. யாருக்கு யார் உண்மையில் வேண்டும் என்பதை மட்டும் திருத்தி எழுதினார்.

அந்த மலை முழுசாக உள்ளே போகவில்லை. ஷெட்யூலர் சம்பந்தப்பட்ட பகுதிகள் அதே ஆண்டு 5.18 வெர்ஷனில் சேர்ந்தன. 2024இல் 6.8 வெர்ஷனில் வேறொருவர் முயற்சியில் ஸ்கெட்.ஹெச்சிலிருந்து வடிவங்களைத் தனியே பிரிக்கும் இன்னொரு தொகுதி போனது. மீதி அங்கங்கே நிற்கிறது. இங்கோவின் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2,297 பேட்சை ஒரே நேரத்தில் நீட்டினால் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? ஆனால் அது ஏன் மலையானது என்றும் கேட்க வேண்டும். முப்பது வருடமாக அன்றன்றைக்குப் பெருக்காத வீட்டில் ஒருத்தர் விளக்குமாற்றை எடுத்தால் தூசி கொஞ்சமாகவா பறக்கும்?

எதிர்வாதங்களில் ஒன்று உண்மையிலேயே கனமானது. பழைய வெர்ஷன்களை வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் ஏராளம். புதிய கெர்னலில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பழையதற்கு எடுத்துப்போகும்போது ஹெடர்கள் இடம் மாறியிருந்தால் ஒட்டாது. நானே அந்த வேலை செய்து நொந்திருக்கிறேன். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சின்னச் சின்னதாக, தொடர்ந்து செய்தால் வலி குறையும் என்பதுதான் என் பக்கம். ‘அந்த வரியை யார் எழுதியது என்று தேடினால் பெருக்கினவர் பெயர்தான் வருகிறது’ என்ற இன்னொரு புகாரை நான் மதிக்கவில்லை. இன்க்ளூட் வரியின் பூர்வீகத்தைத் தேடி எந்தப் பக்கையும் யாரும் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. ‘அதற்கென்று கருவி இருக்கிறதே, ஓடவிட்டால் போச்சு’ என்பவர்கள் ஒருமுறை கெர்னலில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். வாசல் வழியாக வர வேண்டிய ‘லினக்ஸ்’ அடைவின் ஹெடரை விட்டுவிட்டு, கொல்லைப்புறமாக ‘ஏஎஸ்எம்’ அடைவின் ஹெடரை நேராக இழுக்கச் சொல்லும். எது வாசல், எது கொல்லை என்பது கருவிக்குத் தெரியாது, ஆளுக்குத்தான் தெரியும்.

எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றும் வாதம் வேறு. "பெரிய மெஷின் வாங்கிட்டாப் போச்சு."

2012இல் நான் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 2 ஜிபி மெமரி, பேட்டரி செத்துப்போனது. கரண்ட் இருக்கும்போதுதான் கெர்னல் பில்ட். எப்போது போகும், எப்போது வரும் என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். நடுவில் கரண்ட் போனால் பரவாயில்லை, பில்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இடையில் ஸ்கெட்.ஹெச் மாதிரி ஒரு ஹெடரில் ஒரு எழுத்தைத் தொட்டிருந்தால் தீர்ந்தது கதை. அதை இழுக்கும் கோப்புகள் அத்தனையும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே, மறுபடி முதலிலிருந்து. அதனால் நான் அந்தக் கோப்புகளைத் தொடவே பயந்தேன். ஷெட்யூலர் படிக்க ஆசைப்பட்டு வந்தவன், டிரைவர் பக்கம் ஒதுங்கினேன். அங்கேதான் ஒரு கோப்பை மாற்றினால் ஒரு கோப்பு மட்டும் பில்ட் ஆகும். இன்றைக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைப் பாதிக்குப் பாதி தீர்மானித்தது மின்வாரியமும் ஸ்கெட்.ஹெச்சும்தான்.

அந்த 231 வினாடிக் கணக்கெல்லாம் பெரிய இயந்திரக்காரர் கணக்கு. அதே விகிதத்தை என் பழைய லேப்டாப்பில் வைத்துப் பாருங்கள். மிச்சமாவது மணிக்கணக்கு. ஒரு மாணவன் ஒரு நாளில் இரண்டு தடவை முயன்று பார்க்கலாமா, நாலு தடவை முயன்று பார்க்கலாமா என்கிற வித்தியாசம் அது. மெஷின் வாங்கு என்று சொல்கிறவருக்குக் கம்பெனி வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவருக்குக் காத்திருப்பது ஒரு டீ. வேறு யாருக்கோ அது கதவு.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களை எதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலையைக் கெடுப்பவர்கள். இன்க்ளூட் வரிகளை அகரவரிசையில் மாற்றிவிட்டு ‘ஹெடர் ஒழுங்கு செய்தேன்’ என்று பேட்ச் அனுப்புகிறவர்கள். என் மேலாளரின் மனதில் இருந்த ‘அடுக்குவது’ இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அகரவரிசையால் சில சின்ன நன்மைகள் உண்டு, ஒரே ஹெடர் இரண்டு தடவை வந்தால் கண்ணில் படும், இரண்டு பேர் ஒரே கோப்பின் கடைசியில் சேர்த்து முட்டிக்கொள்வது குறையும். அவ்வளவே. தேவையில்லாத பன்னிரண்டு ஹெடரை அகரவரிசையில் வைத்தாலும் அவை தேவையில்லாத பன்னிரண்டு ஹெடர்தான். தேவையான ஒன்று அதில் இல்லாமலும் இருக்கும். அகரவரிசை அதைக் கண்ணுக்குக் காட்டாது. மேலாளருக்கு வித்தியாசம் தெரியாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாமும் படிவத்தில் இரண்டையும் ஒரே வார்த்தையில்தானே எழுதுகிறோம்?

வேடிக்கை என்னவென்றால், ஹெடருக்கு மதிப்பே இல்லை என்று உலகம் எப்போதும் நினைக்கவில்லை. 2003 டிசம்பரில் எஸ்சிஓ என்ற நிறுவனம் லினக்ஸில் தன் சொத்து இருப்பதாகப் பல கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. எதைச் சுட்டிக் காட்டினார்கள் தெரியுமா? ஷெட்யூலரையோ கோப்பு முறைமையையோ இல்லை. ‘எர்நோ.ஹெச்’, ‘சிக்னல்.ஹெச்’ மாதிரியான ஹெடர்களை. அதில் சிலவற்றை ஆரம்ப நாட்களில் தானே எழுதியதாக லினஸ் டொர்வால்ட்ஸ் பழைய கோப்புகளைக் கிளறிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொத்து என்று உரிமை கொண்டாடும்போது ஹெடர் முன்னால் வருகிறது. உழைப்பு என்று கணக்கெழுதும்போது மட்டும் அது ‘அடுக்குறது’ ஆகிவிடுகிறது.

அந்தப் பெண் டெஸ்டிங்குக்குப் போகவில்லை. நான் செலவழித்த அந்த மூன்று வாரத்தில் பாதி நாள் அவரும் கூட உட்கார்ந்தார். எங்கள் டிரைவரின் முப்பத்தெட்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எது யாரைக் கூப்பிடுகிறது, யாரிடமிருந்து ஓசியில் வாங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். ஹெடர்களை மட்டும் தனித்தனியாகக் கம்பைல் செய்து, தன் காலில் நிற்கிறதா என்று பார்த்தோம். பதினொன்று நிற்கவில்லை. மூன்றில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்ததை, பெயர் மட்டும் சொல்லும் ஒற்றை வரி போட்டு அவிழ்த்தோம். நான் பத்து வருடமாக வைத்திருந்த ‘அனுபவம்’ அந்த நோட்டில் இருபது பக்கத்துக்குள் அடங்கியது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நேற்று எங்கள் கோப்பு ஒன்றிலிருந்து கெர்னல்.ஹெச் வரியை எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்86க்கு பில்ட் ஆனது. ஆர்ம்64இல் நின்றது, ‘கன்டெய்னர் ஆஃப்’ தெரியாது என்று. எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நான் தேட ஆரம்பிப்பதற்குள் அடுத்த மேஜையிலிருந்து குரல் வந்தது: "அதுக்குத் தனி ஹெடர் வந்துருச்சு அண்ணா, 5.16லயே." ஒரு வரி எடுத்தேன், ஒரு வரி சேர்த்தேன். இரண்டு கட்டமைப்பிலும் பில்ட் ஆனது. இந்த வருடப் படிவத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன், கூட்டம் அடுத்த வாரம்.